பச்சை டப்பா

ஸ்பேனர் இல்லீங்க இது, வெர்னியர். அளக்கறதுங்க. ஒரு தலைமுடி எத்தனை தடிமன்னு கேட்டாக்கூட சொல்லிப்போடும். சட்டைப் பையில துருத்திக்கிட்டு நிக்கறதால பாக்கறவங்க எல்லாம் ஸ்பேனர்னுதான் நெனைக்கறாங்க. போன மாசம் இதே பஸ்ஸுல கண்டக்டர், வண்டி வழியில நின்னா உங்களைக் கூப்பிடறேனுங்க மெக்கானிக்கண்ணான்னு சொல்லிட்டுப் போறாரு.

நீங்க சன்னல் பக்கம் உக்காருங்க, எனக்கு வெயில் ஆகாது. கரட்டுமலைக்குத்தானுங்களா? நானும் அங்கதான். நெத்தியப் பாக்காதீங்க. பாத்தீங்க, நான் கவனிச்சேன். அதுக்கு அப்பறம் வர்றேன். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் சாமி கும்பிடப் போகல. பேப்பருக்குப் போறேன்.

சிரிக்காதீங்க. சொன்னா உங்களுக்கே புரியும், ஒன்றரை மணி நேரம் இருக்குதில்ல.

என் பேரு அர்த்தநாரி. அது எங்கப்பன் வெச்சது, அதுக்கு நான் பொறுப்பில்ல. முப்பத்தொரு வருசம் ஸ்பின்னிங் மில்லுல தரம் பாக்கற டிபார்ட்மென்ட். நூலை சிட்டமா சுத்தி மெசின்ல மாட்டி இழுக்கறது, எத்தனை பவுண்டுல அறுந்து போகுதுன்னு நோட்டுல எழுதறது, இதுதான் வேலை. அங்க எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். நூலு அறுந்துக்கிட்டே இருக்குதா? பஞ்சை மாத்திப் பாரு. இல்லீன்னா ஸ்பீடை மாத்திப் பாரு. ரெண்டையும் ஒட்டுக்கா மாத்தாதே. ஒரு நேரத்துல ஒண்ணு. ரெண்டை மாத்திட்டா எதனால சரியாச்சுன்னு ஆண்டவனுக்கே தெரியாதும்பாங்க. நான் அப்படிச் சொல்லமாட்டேன். எவனுக்கும் தெரியாதும்பேன்.

சரி, துப்பாக்கிக்கு வர்றேன். பயந்துடாதீங்க, லைசென்ஸ் இருக்குதுங்க. எலெக்சன் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சு, முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டு வாங்கி வர்ற துப்பாக்கிதான். எங்க மாமனாரோடது. பாயின்ட் டூ டூ வேட்டை ரைஃபிள், பாக்டரியில செஞ்சது. அந்தக் காலத்துல முயல் அடிக்கறதுக்குன்னு வாங்கியிருக்காரு. இப்ப முயலை அடிச்சா நம்மளைத்தான் உள்ள வெப்பாங்க. அதனால அட்டையைச் சுடறோம். ஊர்ல ரைஃபிள் கிளப் இருக்குதுங்க, கல்லுக்குழிக்குப் பக்கத்துல, சுடற ரேஞ்சும் அங்கதான். மாமனார் போன பொறவு லைசென்ஸை என் பேருக்கு மாத்திக்கிட்டு, ரிட்டயர் ஆனதுல இருந்து ஞாயித்துக்கெழமை தவறாம போறேன்.

வருசா வருசம் தை மாசம் போட்டி நடக்கும். வேட்டை ரைஃபிளுக்குன்னு தனிப் பிரிவு. அம்பது மீட்டர், இருவது குண்டு, மணல் மூட்டை மேல தாங்க வெச்சுச் சுடலாம். அதுல நான் மூணு வருசமா கடைசி. பன்னெண்டு பேருல பன்னெண்டாவது. ஒரு வருசம் பதிமூணு பேரு வந்தாங்க, அப்ப பதிமூணாவது.

போன ஆடியில கிளப்புக் கூட்டம். பொன்னுரங்கம்னு ஒருத்தரு, லாரி புக்கிங் ஆபீஸ் வெச்சிருக்காரு, எங்களுக்குப் பொருளாளர். டீ குடிச்சுக்கிட்டே சொல்றாரு, "அர்த்தநாரி சுடும்போது டார்கெட்டுக்கு நேரா போயி நின்னுக்கங்கப்பா, அதுதான் சேஃப்டி"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. டீ குடுத்த பையன்கூட சிரிச்சான். எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ ரோசம், எந்திரிச்சு நின்னேன். "வர்ற தையில மொத மூணு எடத்துக்குள்ள வரலீன்னா இந்தத் துப்பாக்கியை டீலர்கிட்டக் குடுத்துடறேன், இனி கிளப்பு வாசப்படி மிதிக்கமாட்டேன்"னு சொல்லிப்போட்டேன். மினிட்ஸ் புக்குல எழுதிக்கச் சொன்னேன். பொன்னுரங்கம் எழுதிக்கிட்டாரு.

ஊட்டுக்கு வந்து ஊட்டுக்காரிகிட்ட சொன்னேன். துளசிமணின்னு பேரு. தோசை ஊத்திட்டு இருந்தா. முழுசாக் கேட்டுட்டு, "அது எங்கப்பாவோடதுங்க"ன்னா. அவ்வளவுதான். அடுப்பை அமத்திட்டு உள்ள போயிட்டா. தோசை பாதி வெந்து கல்லுலயே கெடந்துச்சு. சபையில சொன்ன வார்த்தைன்னு நான் வெளிய இருந்து சத்தம் போட்டுட்டு இருந்தேன். அவளைக் கேக்காம அவ அப்பன் பொருளைப் பந்தயம் வெச்சுட்டமேங்கறது எனக்கு அன்னிக்குத் தோணல. பின்னாடிதான் தோணுச்சு. அப்பத் தோணியிருக்கணும்.

சரி, சொன்னதைச் சொல்லியாச்சு, இனி ஆராய்ச்சிதான். துப்பாக்கி எதனால சிதறுதுன்னு கண்டுபிடிக்கணும். கிளப்புல பழைய ஆளுங்க சொல்லுவாங்க, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு நாக்கு இருக்குது, அதுக்குப் புடிச்ச தோட்டாவைப் போட்டாத்தான் ஒழுங்கா சுடும்னு. நியாயந்தானுங்களே? அஞ்சு கம்பெனித் தோட்டா சேத்தினேன். செவப்பு டப்பா, நீல டப்பா, மஞ்சள் டப்பா, பச்சை டப்பா, அப்பறம் மூடி இல்லாத ஒரு பழைய டப்பா. பேரெல்லாம் வாயில நுழையாது, கலரை வெச்சுத்தான் கணக்கு.

முறை என்னன்னா, மணல் மூட்டை மேல துப்பாக்கியை அசையாம வெச்சு, ஒரே புள்ளியைப் பாத்து அஞ்சு குண்டு சுடணும். அட்டையில அஞ்சு ஓட்டை விழும். அதுல ரொம்பத் தள்ளி இருக்கற ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல எத்தனை மில்லிமீட்டர்னு இதோ இந்த வெர்னியர்ல அளக்கறது. அதுக்கு குரூப்னு பேரு. சின்னதா இருந்தா நல்ல தோட்டா. ஒவ்வொரு டப்பாவுக்கும் நாலு தடவை. தோட்டாவைத் தவிர வேற எதையும் மாத்தக்கூடாது. அதே மூட்டை, அதே பாய், அதே நேரம், நான் போடற சட்டைகூட அதே சட்டை.

மூட்டை துளசிமணி தெச்சதுங்க. என் பழைய பேண்ட்டுக் காலை வெட்டி, ஆத்துமணல் ரொப்பி, ரெண்டு பக்கமும் அடிச்சுக் குடுத்தா. கோவம் ஒரு வாரத்துல ஆறிப்போச்சுன்னு நெனச்சேன். நோட்டு எழுத ஆள் இல்லீன்னு ஒரு தடவை சொன்னேன், அடுத்த ஞாயிறே பிளாஸ்க்கைத் தூக்கிட்டு வந்துட்டா. பின்னாடி ஸ்டூலு போட்டு உக்காந்து, நான் சொல்லச்சொல்ல எழுதுவா. எங்க டிபார்ட்மென்ட்டுப் பசங்ககூட அப்படி எழுதமாட்டாங்க, முத்து முத்தா இருக்கும். மொத நாளே சொல்லிட்டேன், "இங்க பாரு துளசி, சோதனை நோட்டுல எந்த மாற்றம் நடந்தாலும் எழுதணும். சின்னதுன்னு விட்டுடக்கூடாது"ன்னு. சரிங்கன்னு தலையை ஆட்டினா.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. செவப்பு நாப்பத்தெட்டு மில்லி. நீலம் நாப்பத்தொண்ணு. மஞ்சள் அம்பத்திரெண்டு. பச்சை நாப்பத்திநாலு. மூடி இல்லாதது அறுவத்திமூணு. எல்லாமே குப்பை. ஜெயிக்கறவங்க துப்பாக்கி எல்லாம் இருவதுக்குள்ள நிக்குமுங்க. ஒவ்வொரு ஞாயிறும் பொன்னுரங்கம் வந்து அட்டையை எட்டிப் பாப்பாரு. "நல்லா அடை சுட்டிருக்கீங்க அர்த்தநாரி, பரவலா வெந்திருக்குது"ன்னுட்டுப் போவாரு. நான் அடுத்த அட்டையை மாட்டப் போயிடுவேன். துளசிமணிதான் அவரு முதுகையே பாத்துட்டு இருப்பா.

கார்த்திகை ரெண்டாவது ஞாயிறு. அன்னிக்குப் பச்சை டப்பாவுக்கு நாலாவது சுத்து. அஞ்சு குண்டு சுட்டேன். பைனாக்குலர்ல பாத்தா அட்டையில ஒரே ஒரு ஓட்டை தெரியுது. மீதி நாலு அட்டையிலயே படலீன்னு நெனச்சு மனசு வுட்டுப்போச்சு. பக்கத்துல போயிப் பாத்தா, ஏனுங்க, அஞ்சும் ஒரே எடத்துல! பதினாலு மில்லி! அஞ்சு ரூபாக் காசை மேல வெச்சா மொத்தமும் மறைஞ்சு போகுது. அறுவத்திமூணு வயசு எனக்கு, அந்த ரேஞ்சுல குதிச்சேன் பாருங்க. துளசிமணியும் சிரிச்சா. ஆனா ஆச்சரியப்படல. அதையும் நான் கவனிச்சேன், ஆனா பெருசா எடுத்துக்கல. பொம்பளைங்களுக்கு மில்லிமீட்டர் அருமை தெரியாதுன்னு விட்டுட்டேன்.

அடுத்த வாரம் பதினாறு. அதுக்கடுத்த வாரம் பதினஞ்சு. முடிஞ்சுதுங்க ஆராய்ச்சி. என் துப்பாக்கியோட நாக்குக்குப் புடிச்சது பச்சை டப்பா. கிளப்புல எல்லாரையும் உக்கார வெச்சு அரை மணி நேரம் விளக்கினேன். குண்டு மேல பூசற மெழுகு எப்படி, எடை எப்படி, என் குழலோட குணம் எப்படின்னு. பொன்னுரங்கம்கூட டீயை ஆறவிட்டுட்டுக் கேட்டாரு. யார் யார்கிட்ட பச்சை டப்பா இருந்துச்சோ எல்லாத்தையும் என் செவப்பு, நீலம் குடுத்து மாத்தி வாங்கிட்டேன்.

இல்லீங்க, மறுபடியும் செவப்பைப் போட்டுப் பாக்கல. எதுக்குப் பாக்கணும்? நீங்க கேக்கறது சரிதான், மில்லுல வேற ஒருத்தன் அப்படி விட்டிருந்தா நானே வெளுத்திருப்பேன். கெடைச்ச சந்தோசத்துல விட்டுப்போச்சு.

இப்பத்தான் விசயமே வருது. போகி வந்துச்சு. நம்ம பக்கம் பண்டிகை நோம்பின்னா ஊட்டுல ஒரு சாமானை விடமாட்டாங்களே, எல்லாத்தையும் எறக்கித் தொடைக்கணும். நான் என் பங்குக்குத் துப்பாக்கியைத் தொடைக்கலாம்னு உக்காந்தேன். ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டி மரக்கட்டையைத் தனியா, குழலைத் தனியா எடுத்தேன். குழலுக்கும் கட்டைக்கும் நடுவுல முனையில ஒரு சந்து இருக்குமுங்க, அதுல இருந்து ஒரு காகிதப் பொட்டலம் கீழ விழுந்துச்சு. நசுங்கிப்போயி, ஓரத்துல சாம்பலா ஏதோ கொட்டுது. எறும்புப் பொடியா இருக்கும்னு நெனச்சு, வாசல்ல பழைய பாயும் தொடப்பமும் எரிஞ்சுட்டு இருந்துச்சே, அதுல தூக்கிப் போட்டுட்டேன். கட்டைக்கு எண்ணெய் போட்டு, பளபளன்னு மாட்டியாச்சு.

பொங்கல் முடிஞ்ச ஞாயிறு ரேஞ்சுக்குப் போனேன். போட்டிக்குச் சரியா ஒரு வாரம். பச்சை டப்பா, அஞ்சு குண்டு. நாப்பத்தேழு மில்லி.

மறுபடியும் சுட்டேன். நாப்பத்தொம்பது. டப்பா ஈரமாயிருச்சான்னு வேற டப்பா ஒடைச்சேன், அதுவும் அப்படித்தான். பொன்னுரங்கம் வந்தாரு. அட்டையைப் பாத்தாரு. தோளைத் தட்டிட்டுப் போனாரு. அதுதான் எனக்குத் தாங்கல.

ஊட்டுக்கு வந்து நாற்காலியில சாஞ்சுட்டேன். துளசிமணி நோட்டைப் பொரட்டிட்டே, "தொடைச்சீங்களா துப்பாக்கியை?"ன்னா. ஆமான்னேன். "உள்ள இருந்ததை என்ன பண்ணினீங்க?"ன்னா. "உள்ள என்ன இருந்துச்சு?"ன்னேன். அவ மூஞ்சி போன போக்கைப் பாத்ததும்தான் அந்தப் பொட்டலம் நெனப்பு வந்துச்சு.

கரட்டுமலை விபூதிங்க! கார்த்திகையில அவ அக்கா ஊட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு, மலைக்குப் போயி வேண்டிக்கிட்டு, பொட்டலத்தைக் கொண்டாந்து என் துப்பாக்கிச் சந்துல சொருகி வெச்சிருக்கா!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "அறிவியல் சோதனையில விபூதியா? நான் தோட்டாவை மாத்தினா நீ பொட்டலத்தை மாத்துவியா? எழுதணும்னு சொன்னனா இல்லியா?"ன்னு கத்தினேன். அவ பதறவே இல்ல. நோட்டை நீட்டினா. "எழுதியிருக்கறேனுங்க"ன்னா. பாத்தா, கார்த்திகை ரெண்டாவது ஞாயிறு, பச்சை டப்பா, பதினாலு மில்லி, அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வேல் வரைஞ்சிருக்குது. அடுத்த வாரமும் வேல். அதுக்கடுத்த வாரமும். நான் அத்தனை நாளா அதை டிக் மார்க்குன்னு நெனச்சுட்டு இருந்திருக்கறேன். ரிக்கார்டுல தப்பே சொல்ல முடியாதுங்க. முப்பத்தொரு வருசத்துல அப்படி ஒரு சுத்தமான ரிக்கார்டை நான் பாத்ததில்ல.

"நான் ஜெயிக்கோணும்னா வெச்சே?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க. அது ஊட்டை விட்டுப் போகக்கூடாதுன்னு வெச்சேன். எங்கப்பா கை பட்டதுன்னு என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். நீங்க அஞ்சு டப்பா மாத்துனீங்க, என்னால ஆனது ஒரு பொட்டலம்"னா. அழுகல, சாதாரணமாத்தான் சொன்னா. ஆடியில கேக்காம பேசுனது தப்புன்னு அன்னிக்குத்தான் அவகிட்ட சொன்னேன். சொல்லிட்டுத் துப்பாக்கிக் கட்டையைக் கழட்டி அந்தச் சந்துல வெரலை விட்டுப் பாத்தேன்.

பாத்தா, இது சுத்தமான பிசிக்சுங்க! சுடும்போது குழல் அதிரும். முனையில ஒரு அழுத்தம் குடுத்தா அதிர்வு அடங்கும். பொட்டலம் குடுத்தது அந்த அழுத்தம். விபூதியா இருந்தா என்ன, வேற எதுவா இருந்தா என்ன? மறுநாளே வேலையை ஆரம்பிச்சேன். விசிட்டிங் கார்டை மடிச்சு வெச்சேன், முப்பத்தஞ்சு. கல்யாணப் பத்திரிகை, முப்பத்தெட்டு. சரி, காகிதம் மட்டும் பத்தாது, உள்ள பொடி வேணும், அதுதான் சந்துக்குத் தக்கன படியுதுன்னு கண்டுபிடிச்சேன். மூஞ்சிக்குப் போடற பவுடரைப் பொட்டலம் கட்டினேன், இருவத்தொம்பது. சாணி வரட்டி எரிச்ச சாம்பல், இருவத்தாறு. கிட்ட வருது, ஆனா வரமாட்டேங்குது. வியாழக்கெழமை ஆயிருச்சு. ஞாயிறு போட்டி.

துளசிமணிகிட்டப் போயி, "ஒரு பொட்டலம் வாங்கிட்டு வர்றியா?"ன்னேன். "வேணுங்கறவங்க போயிக் கேக்கோணுங்க"ன்னுட்டு மாவாட்டப் போயிட்டா.

போனேன். நாப்பது வருசம் கழிச்சு அந்தப் படியேறினேன். இருநூத்திப் பத்துப் படிங்க, முட்டி என்னாச்சுன்னு கேக்காதீங்க. கிளப்புக்காரங்க யாராச்சும் பாத்துடுவாங்களோன்னு தலையில துண்டு வேற. பூசாரி ஒரு பொட்டலம் குடுத்தாரு. வெர்னியரை எடுத்து அளந்தேன். கொஞ்சம் மெல்லிசா இருந்துச்சு. "இன்னும் ஒரு சிட்டிகை போட்டு மடிச்சுக் குடுங்க"ன்னேன். அவரு என்னையும் பாத்தாரு, வெர்னியரையும் பாத்தாரு, இன்னொரு சிட்டிகை போட்டு மடிச்சுக் குடுத்தாரு. அவருக்கு என்னவோ கடுமையான வேண்டுதல்னு நெனப்பு.

துளசிமணிதான் சொருகினா. நான் தொட்டா சரியா வராதுன்னு இல்லீங்க, அவ வெரல் மெல்லிசு, அதனால. வெள்ளிக்கெழமை சுட்டேன், பதினஞ்சு மில்லி.

போட்டி நாளும் வந்துச்சு. துளசிமணி ஸ்டூலைப் போட்டுப் பின்னாடி உக்காந்துட்டா. இருவது குண்டு. எண்ணும்போது கண்ணை மூடிக்கிட்டேன். மூணாவது எடங்க! எனக்கும் நாலாவதுக்கும் ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசம். நாலாவது யாருன்னு கேக்கறீங்களா? மினிட்ஸ் புக்குல எழுதிக்கிட்டாரே, அவருதான். கை குடுத்தாருங்க, பெரிய மனுசன். "பச்சை டப்பா ரகசியம் ரகசியந்தான்"னாரு. இன்னிக்கு வரைக்கும் கிளப்புல பன்னெண்டு பேரும் பச்சை டப்பாதான் சுடறாங்க. ஒருத்தருக்கும் குரூப் சின்னதாகல. நான் என்னத்தைச் சொல்றது?

துளசிமணி அன்னிக்குச் சாயங்காலம் துப்பாக்கியை உறையில போட்டு, அவளே பீரோவுல வெச்சுப் பூட்டினா. சாவியை என்கிட்டக் குடுக்கும்போது அவ மூஞ்சியில இருந்த சந்தோசம் இருக்குதே, கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி நான் பாத்ததில்ல.

இப்ப மாசாமாசம் வர்றேன். எண்ணெய் பட்டுப் பொட்டலம் கட்டியா போயிடுது, மாத்தணும். அவ வர்றதில்ல, நீங்களே போயிட்டு வாங்கங்கறா. சாமி கும்பிடறதில்லீங்க, வரிசையில நிக்கறேன், அவ்வளவுதான். வரிசை சன்னதி வழியாத்தான் போகும். சன்னதியில சும்மா நின்னா பின்னாடி இருக்கறவங்க தள்ளறாங்க, அதனால கையைக் கூப்பிக்கறேன். முட்டியும் இப்ப பரவாயில்ல, படியேறினா நல்லதுன்னு டாக்டரே சொல்றாரு.

ஆமாங்க, நெத்தி. மறக்கமாட்டேங்கறீங்களே. துளசிமணி பூசி விட்டதுதான். போட்டி அன்னிக்குக் காலையில நான் பதட்டத்துல நிக்கும்போது பட்டுன்னு பூசிட்டா, எனக்குச் சண்டை போடத் தெம்பில்ல. அப்படியே போயிச் சுட்டேன், மூணாவது வந்தேன். அதுல இருந்து தெனமும் பூசி விடறா, நானும் நெத்தியக் காட்டறேன். துடைச்சுட்டுப் போனா என்னன்னுதானே கேக்கறீங்க? அறிவியல் தெரிஞ்சவரு மாதிரி இருக்கறீங்க, நீங்களே சொல்லுங்க. இன்னிக்குப் பொட்டலத்தை மாத்தறேன். இதையும் துடைச்சுட்டேன்னு வைங்க, வர்ற ஞாயிறு குரூப் விரிஞ்சு போச்சுன்னா எதனால விரிஞ்சுதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது? ஒரு நேரத்துல ஒண்ணுதானுங்களே.